பன்னிரண்டு நாள் குருணை

நாச்சிமுத்துவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய மூன்றாம் நாள் காலையில்தான் தவமணிக்கு அந்தச் சந்தேகம் முதலில் வந்தது.

செம்மேட்டிலிருந்து நாமக்கல் இறங்கும் எட்டரை மணி வண்டி. உட்கார இடமில்லாமல் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பின்பக்கம் அன்னாசி மூட்டைகள், படிக்கருகே நாலு பலாப்பழம், முன்சீட்டில் மாதப் பரிசோதனைக்குப் போகும் ஒரு கர்ப்பிணிப் பெண். தவமணி டிக்கெட் போட்டு முடித்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கண்டக்டராக ஆறு வருஷமாக அவற்றில் ஏறி இறங்குகிறாள். எந்த வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது அவள் காலுக்கே தெரியும்.

நாற்பத்தொன்றாம் வளைவு வந்தபோது, கீழிருந்து ஒரு செங்கல் லாரி முனகிக்கொண்டு ஏறி வருவது மரங்களுக்கிடையே தெரிந்தது. நாச்சிமுத்து நிறுத்துவார் என்று அவள் காலை ஊன்றினாள். அவர் நிறுத்தவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. வண்டி அதே வேகத்தில் வளைவுக்குள் இறங்கியது. முன்கண்ணாடி முழுக்க லாரியின் மூக்குதான் தெரிந்தது. பெண்கள் அலறினார்கள். ஒரு பலாப்பழம் உருண்டு படியில் விழுந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சாண், சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இன்னொரு சாண். அந்த இரண்டு சாணுக்குள் வண்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"என்னுங்ண்ணா இது!" என்றாள் தவமணி.

"எடம் இருந்துச்சே அம்மிணி," என்றார் நாச்சிமுத்து, திரும்பாமலே. வாய் வீக்கம் முழுதாக வடியாததால் சொற்கள் கொழகொழவென்று வந்தன. ஸ்டியரிங்குக்கு மேலிருந்த டப்பாவில் பச்சை விளக்கு ஒரு சொட்டுக்கூட மங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

இடம் இருந்தது உண்மைதான். அவர் கணக்குத் தப்பவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

இருபத்திரண்டு வருஷம் மலையில் வண்டி ஓட்டியவர் நாச்சிமுத்து. தலையில் எண்ணெய்க் குடம் வைத்துக்கொண்டு நடப்பவரைப் போல ஓட்டுவார். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு ஹாரன். எதிரே வண்டி வருகிற சத்தம் கேட்டால் போதும், ஓரம் கட்டி நிறுத்திவிடுவார். இளவட்டங்கள் கேலி செய்வார்கள். "மாமா, மாட்டு வண்டி எங்களத் தாண்டிப் போயிருச்சு!" அவர் சிரித்துக்கொண்டே, "பயந்து ஓட்டுறவன்தாண்டா பேரன் பேத்தி எடுப்பான்," என்பார்.

நாலு வருஷத்துக்கு முன், ஒரே மழைக்காலத்தில் மூன்று மலைப்பேருந்துகள் பள்ளத்தில் போன பிறகு, பயணிகள் வண்டி எல்லாவற்றிலும் மனமானியைப் பொருத்தினார்கள். அந்தப் பெயரைக் காகிதத்தில்தான் பார்க்கலாம். வண்டிக்காரர்களுக்கு அது டப்பா. ஸ்டியரிங் வளையத்தில் கை வைத்ததும் நாடித்துடிப்பையும் கை நடுக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். குட்டிக் கேமரா ஒன்று கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் நிதானமாக இருந்தால் பச்சை. தடுமாறினால் மஞ்சள். குடி, தூக்கக் கலக்கம், பதற்றம் என்றால் சிவப்பு; சிவப்பு வந்தால் வண்டி நகராது. டப்பா வந்த பிறகு விபத்துகள் பாதியாகக் குறைந்தன. அதை யாரும் மறுக்க முடியாது. அதனால் டப்பாவைப் பற்றி யாரும் ஒரு சொல் தவறாகச் சொல்வதும் இல்லை.

குருணை அதற்குப் பிறகு வந்தது. பல் பிடுங்கிய குழிக்குள் எலும்போடு ஒட்டி வைக்கிற மருந்து. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். பன்னிரண்டு நாளில் தானே கரைந்துவிடும். பழைய மாத்திரைகளைப் போலத் தூக்கம் வராது, தலை சுற்றாது. முன்பெல்லாம் கடைவாய்ப்பல் எடுத்தால் இரண்டு மூன்று நாள் வண்டியைத் தொடாதே என்பார்கள். இப்போது மறுநாளே ஓட்டலாம். நாச்சிமுத்துவும் மறுநாளே வந்துவிட்டார்.

*

நாமக்கல் வந்து சேர்ந்ததும் தவமணி நேராக மேனேஜர் குலசேகரனிடம் போனாள். செங்கதிர் பஸ் கம்பெனியின் பதினெட்டு வண்டிகளையும் ஒற்றை ஆளாக மேய்க்கிறவர். கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மேசைத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாரும்மா. இந்த வாரம் பதினெட்டு வண்டியிலயும் நாச்சிமுத்துதான் மொதல். அந்த நாப்பத்தொண்ணாவது வளைவுல அவருக்கு நாடித்துடிப்பு எவ்வளவு தெரியுமா? அறுபத்திநாலு. எனக்கு டீ குடிக்கறப்பவே எம்பத்தஞ்சு."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். லாரி மூஞ்சிக்கு நேரா வருது, மனுசனுக்கு அறுபத்திநாலு எப்படிங்க இருக்கும்?"

"இடிச்சாரா?"

"இல்லீங்க."

"உரசினாரா?"

"இல்லீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

குலசேகரன் திரையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். "நீ பயந்தேன்னு பதிய இதுல கட்டமே இல்லம்மா," என்றார். "கண்டக்டர் கைல டப்பா இல்ல. டிரைவர் பச்சையா இருக்கறப்ப நான் வண்டிய நிறுத்தினா, ஏன் நிறுத்தினேன்னு எனக்குத்தான் நோட்டீஸ் வரும்."

மறுநாள் மலைமேல் சோளக்காடு நிறுத்தத்து டீக்கடையில், நாச்சிமுத்துவிடமே கேட்டுவிடுவது என்று தவமணி தீர்மானித்தாள். நாச்சிமுத்து டீயை ஆற்றி ஆற்றி, வலிக்காத பக்கமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு."

அவர் மறுப்பார் என்று நினைத்தாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமா அம்மிணி. எனக்கும் தெரியுது," என்றார். "நேத்துச் சாயங்காலம் எங்க தாரணி மொட்ட மாடிக் கைப்பிடிச் சுவத்து மேல ஏறி நின்னு முருங்கக்கா பறிக்கறா. பதினோரு வயசுப் புள்ள. கால் வழுக்கினா நேரா சிமெண்டுத் தரை. நான் கீழ நின்னு பாத்துட்டிருக்கேன். விழுந்துருவாள்னு தெரியுது. விழுந்தா என்ன ஆகும்னும் தெரியுது. தெரியுது, அவ்வளவுதான். உள்ள ஒண்ணுமே எந்திரிக்கல. சம்பூர்ணம் பாத்துட்டுக் கத்திட்டே ஓடிப் போயி இழுத்தா. அப்புறம் என்னப் பாத்தா பாரு ஒரு பார்வ…"

அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினாள் தவமணி. மழை வருமா என்று சொல்கிற மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப எறங்கிருங்கண்ணா. லீவு போடுங்க."

"போடணும்னு தோணவே மாட்டேங்குதே. எறங்கறதுக்கும் உள்ள ஒரு ஒதறல் வேணுமல்லோ? நீ சொல்றதால நம்பறேன். வா, எங்க வேணாலும் வர்றேன்."

*

பல் டாக்டர் பெனாசிரின் மருத்துவமனை சேந்தமங்கலம் கடைவீதியில் மாடியில் இருந்தது. டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். நாச்சிமுத்துவின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். புண் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. தவமணி சொல்லச் சொல்ல டாக்டரின் கை மெதுவாகியது; விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வலியும் பயமும் மூளையில பக்கத்துப் பக்கத்து வீடும்மா," என்றார். "நடுவுல ஒரே சுவர்தான். இந்த மருந்து வலி வீட்டுக் கதவப் பூட்டுது. சில பேருக்குப் பக்கத்து வீடும் சேந்து பூட்டிக்குது. நூத்துல ஒருத்தருக்குத்தான்னு மருந்துக் கம்பெனி சொன்னாங்க. நான் வெச்சவங்கள்லயே இவர் நாலாவது ஆள். ஒருத்தர் தறி ஓட்டுறவர், பெல்ட்டுக்குள்ள கை விட்டுட்டார்."

"எடுத்துருங்க டாக்டர்."

"எடுக்க முடியாது. எலும்போட கலந்திருச்சு. இன்னும் எட்டு நாள்ல தானா கரையும். அதுவரைக்கும் இவர் வண்டி ஓட்டக்கூடாது."

"அத எழுதிக் குடுங்க."

டாக்டர் கணினியில் தட்டினார். பெயர், லைசென்ஸ் எண், ஓய்வு எட்டு நாள், காரணம். போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. டாக்டர் அதைச் சத்தமாக வாசித்தார். "கடந்த மூன்று நாள் மனமானிப் பதிவுகளின்படி ஓட்டுநர் முழுத் தகுதியுடன் உள்ளார். ஓய்வுப் பரிந்துரை ஏற்கப்படவில்லை."



"பச்சை இருக்கறப்ப வண்டிய எடுக்கமாட்டேன்னா அது பணி மறுப்பு," என்றார் நாச்சிமுத்து, வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல. "ரெண்டு மறுப்புக்கு லைசென்ஸ் ஒரு வருசம் முடங்கிரும்."

"என் கையெழுத்தவிட அந்தப் பச்சைக்குத்தான் மதிப்பு," என்றார் டாக்டர். "மருந்துக் கம்பெனிக்கும் எழுதறேன். போன மூணு தடவையும் எழுதினேன்."

படியிறங்கி வரும்போது தவமணிக்கு ஒன்று தோன்றியது. அவள் வேலைக்கு வராமல் நின்றுவிடலாம். அப்போது வேறு கண்டக்டர் வருவார். அவருக்கு இது எதுவும் தெரியாது. தெரியாத ஒருவர் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்க, வண்டி அதே எழுபது வளைவில் இறங்கும்.

"அண்ணா," என்றாள். "நான் உங்க பக்கத்துலயே நிக்கறேன். எனக்குப் பயம் வந்தா விசில் அடிக்கறேன். ஏன் எதுக்குன்னு கேக்காம பிரேக்கப் போடுங்க."

நாச்சிமுத்து யோசித்தார். "சரி அம்மிணி," என்றார். "எம் பயத்த நீ வெச்சுக்க."

*

அப்படித்தான் அந்த நாட்கள் போயின. காலை ஆறு பத்துக்கு நாமக்கல்லில் வண்டி கிளம்பும். காரவள்ளி அடிவாரம் வருவதற்குள் டிக்கெட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, தவமணி முன்னால் வந்து நின்றுகொள்வாள். அதன்பிறகு அவள் கண் சாலையைவிட்டு நகராது. வளைவு வந்தால் விசில். எதிரே நிழல் ஆடினால் விசில். குரங்குக் குட்டி குறுக்கே வந்தால் விசில். ஊதிய மறுகணம் நாச்சிமுத்துவின் கால் பிரேக்கில் இருக்கும். சொன்ன சொல் தவறவில்லை அவர்.

பயணிகளுக்குப் புரியவில்லை. "என்னம்மா, ஸ்டாப்பிங்கே இல்லாத எடத்துல ஊதிட்டே வர்ற?" என்றார்கள். "இந்தப் புள்ளைக்கு மலை ஒத்துக்கல போலிருக்குது," என்றாள் ஒரு காய்க்காரம்மா. ஆறு வருஷமாக மலையில் திரிகிறவளைப் பார்த்து.

தன் பயத்தைச் சுமப்பது மனிதருக்குப் பழகிய வேலை. அடுத்தவர் பயத்தையும் சேர்த்துச் சுமப்பது எப்படி என்று தவமணிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவளால் இனி தானாகப் பயப்படக் காத்திருக்க முடியாது. தேடித் தேடிப் பயப்பட வேண்டியிருந்தது. இலை அசைந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஒரு சோற்றுப் பருக்கைகூட இறங்கவில்லை. வீட்டில் குக்கர் விசிலடித்தால் கால் தானாகத் தரையை அழுத்தியது. டப்பாவை அவள் கையில் கட்டியிருந்தால் நாள் முழுக்கச் சிவப்புதான் எரிந்திருக்கும்.

ஏழாம் நாள் மலை முழுக்க மூட்டம். ஐம்பத்தாறாம் வளைவில் எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. ஆனாலும் ஊதினாள். வண்டி நின்றது. மூட்டம் விலகியபோது பத்தடி முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு புருஷனும் பெண்சாதியும் பைக்கை நிறுத்திவிட்டு, கிளையை இழுத்துப்போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி, நல்லாப் பயப்படறே," என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

ஒன்பதாம் நாள் ஏறும் வண்டியில், இருபத்திமூன்றாம் வளைவுக்குச் சற்று முன், ஒரு பெண் அவள் முழங்கையைத் தொட்டாள். கைக்குழந்தை அவள் தோளில் வாந்தி எடுத்திருந்தது. "அக்கா, தண்ணி இருக்குதுங்களா?" தவமணி குனிந்து, சீட்டுக்கடியில் இருந்த தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மூச்சு விடும் நேரம். அந்த இரண்டு மூச்சுக்கு அவள் பயப்படவில்லை.

டமால் என்ற சத்தத்தில்தான் நிமிர்ந்தாள்.

மலைவாழைத் தார்கள் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன. மொபெட் ஒன்று பக்கவாட்டில் சரிந்து, அதன் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டுக்காரர் சடையப்பன். சந்தைக்கு வாழைத்தார் கொண்டுபோகிறவர். வாரத்துக்கு இரண்டு நாளாவது இந்த பஸ்ஸின் எதிரே வந்து கையசைத்துவிட்டுப் போகிறவர். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே பஸ்ஸின் முன்சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே இருந்தது.

தவமணியால் நகர முடியவில்லை. நாச்சிமுத்து இறங்கினார். வண்டியை ஆட்கள் தள்ளிப் பின்னால் நகர்த்த, தன் துண்டைக் கிழித்துச் சடையப்பனின் தொடையில் இறுக்கிக் கட்டினார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். இடம், வளைவு எண், ரத்தம் எவ்வளவு போயிருக்கும் என்பது எல்லாம் தெளிவாகச் சொன்னார். கை துளிகூட நடுங்கவில்லை. "என்ன தெகிரியம் பாரு அந்த மனுசனுக்கு," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவர் தவமணியிடம் வந்தார். விரல் நகங்களில் ரத்தம் உறைந்திருந்தது.

"அழுகணும்னு தெரியுது அம்மிணி," என்றார். "வரமாட்டேங்குது."

சடையப்பனின் காலைச் சேலத்தில் எடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் தவமணி எல்லாவற்றையும் சொன்னாள். பல், குருணை, விசில், தண்ணீர்ப் பாட்டில். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். பிறகு பதிவைக் காட்டினார். நாச்சிமுத்துவின் வேகம் விதிக்குள். பிரேக் போட்ட நேரம் விதிக்குள். நாடித்துடிப்பு அறுபத்தாறு. "எதிரே வந்தவர்தான் பதறி வண்டியத் திருப்பிட்டாரு," என்றார். காகிதத்திலும் அப்படியே இருந்தது: விபத்துக்குக் காரணம், எதிர்த்தரப்பு ஓட்டுநரின் அச்சம்.

*

குருணை கரைந்தது பன்னிரண்டாம் நாள். சொல்லி வைத்ததுபோல.

எட்டரை மணிக்கு இறங்கும் வண்டி; பச்சை என்பதால் அன்றும் அவரேதான் ஓட்டினார். முப்பத்திநாலாம் வளைவு தாண்டியதும் நாச்சிமுத்துவின் தோள்பட்டை ஒருமுறை உதறியது. பிறகு இரண்டு ஹாரன் அடித்தார். பன்னிரண்டு நாளாகக் கேட்காத ஹாரன். தவமணி வாயிலிருந்து விசிலை எடுத்தாள். "அண்ணா!" என்றாள், சந்தோஷத்தில்.

அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதலில் ஒரு முனகல், பிறகு பெரிய கேவல். சுவர் மேல் நின்ற மகள், லாரியின் மூக்கு, சடையப்பனின் கால் என்று பன்னிரண்டு நாள் பயமும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஒரு நிமிஷத்தில் வந்து விழுந்தது. "ஐயோ அம்மிணி, என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன்," என்று நாற்பத்தாறு வயது மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். உடம்பு முழுக்க ஆடியது.

டப்பா மஞ்சளாகி, சிவப்பாகி, மோட்டாரை அணைத்தது. பயணிகள் இறங்கி முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். தவமணி அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்த மலையில் அன்றைக்கு அவரைவிட நம்பத்தக்க ஓட்டுநர் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்வதற்கு அவளிடம் எந்தக் கட்டமும் இல்லை.

அவரை ஓட்டுநர் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வாரம் ஒருமுறை பணிமனையில் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துச் சோதனை. பிடித்ததும் துடிப்பு நூற்றுப்பத்து. மூன்று வாரமும் சிவப்பு. "நிதானமா இருங்க அண்ணா," என்று குலசேகரன் கெஞ்சினார். நிதானமாக இரு என்று சொல்லச் சொல்ல, கை இன்னும் நடுங்கியது.

அவர் இடத்துக்கு இளங்குமரன் என்று ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது, திருச்செங்கோட்டுப் பக்கம். அதிகம் பேசமாட்டார். வளைவுக்கு இரண்டு ஹாரன் தவறாமல் அடிப்பார். எதிரே வண்டி வந்தால் விதிப்படி ஒதுங்குவார். முதல் வாரம் தவமணி அவர் அருகிலேயே நின்றாள். இரண்டாம் வாரம் பின்னால் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் வாரம், மாதக்கணக்கில் தூங்காதவள்போல, இறக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட்டாள். நல்ல டிரைவர் கிடைத்துவிட்டார் என்று வீட்டில்கூடச் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை, அவளுக்கு ஓய்வு நாள். நண்பகலில் டாக்டர் பெனாசிர் போன் செய்தார்.

"தவமணி, கொஞ்சம் வர முடியுமா? உங்க அண்ணன் இங்க உக்காந்திருக்காரு. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு."

சேந்தமங்கலத்துக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விட்டாள். நாச்சிமுத்து டாக்டரின் அறையில், சாய்வு நாற்காலியில் உட்காராமல், அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நல்ல பல்ல எடுக்கச் சொல்றாரும்மா," என்றார் டாக்டர். "சொத்தை இல்ல, வலி இல்ல. குருணை வைக்கறதுக்காக. பல் எடுத்தாத்தான் அத வைக்க அனுமதி."

"அண்ணா!"

"இப்பப் பயம் வருது அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. குரல் கெஞ்சியது. "எல்லாத்துக்கும் வருது. வேல போயிருமோன்னு வருது. புள்ள படிப்பு நின்னுருமோன்னு வருது. சடையப்பன் வீட்டுப் பக்கம் போயி நின்னேன், உள்ள போகப் பயமா இருந்துச்சு. ஸ்டியரிங்கப் பிடிச்சா அந்தாளு காலுதான் தெரியுது. அதனாலதான் வந்தேன். பன்னண்டு நாளு. டெஸ்டுல பச்ச வந்துருச்சுன்னாப் போதும். அப்புறம் நீ பக்கத்துல நின்னுக்க."

"என்னால முடியாதுண்ணா." சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. "ரெண்டு பேருக்கும் சேத்துப் பயப்பட இனி என்னால முடியாது."

டாக்டர் மெதுவாகச் சொன்னார், "எடுக்க எனக்கு மனசே வரல. ஆனா நான் எடுக்கலேன்னா இவர் வேற ஊருக்குப் போவாரு. அங்க வைக்கறவங்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரிஞ்ச நான் வெச்சா, யாருக்கு வெச்சேன்னாவது எனக்குத் தெரியும்." யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் தவமணியைப் பார்த்தார். "ஒரு மாசமா இதே கதைதான். வரும்போது நீங்க பாக்கல?"

அவசரத்தில் அவள் எதையும் பார்க்காமல் வந்திருந்தாள். கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். காத்திருப்பு அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நாலு பேர் காக்கிச் சட்டை. யாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. யாருக்கும் வீக்கம் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இருப்பவர்களைப் போல வரிசையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

கடைசி நாற்காலியில் இருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். இளங்குமரன்.

"அக்கா, நீங்களும் பல்லுக்கா?" என்றார்.

"நீங்க…" என்றாள் தவமணி.

"ரெண்டாவது பல்லுங்கக்கா. ரெண்டு வாரம் முன்னால வெச்சது முந்தாநேத்துக் கரைஞ்சிருச்சு. நேத்து எறக்கத்துல லேசா ஒரு மாதிரி இருந்துச்சு, சரி, முத்தறதுக்குள்ள வந்துருவோம்னு." அவர் வெட்கத்தோடு சிரித்தார். மேல்வரிசையில் ஓரமாக ஒரு பல் இல்லாதது அப்போதுதான் தெரிந்தது. "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கக்கா. வெச்ச மறுநாளே ஓட்டலாம். நாளைக்குக் காலைல ஆறு பத்துக்கு எப்பவும்போல எடுத்துரலாம்."

உள்ளேயிருந்து உதவியாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.